நோய்ப்படுக்கையருகே ஒரு மார்கழி

தருமபுரிப் பகுதியில் மார்கழி பிறந்துவிட்டால் சந்தைக்கு மொச்சை வந்துவிடும். பனியில் நனைந்த காய்களை உரித்து, பயற்றை இரவு முழுவதும் நீரில் ஊறப்போட்டு, மறுநாட் காலையில் ஒவ்வொன்றாக விரல் நுனியில் வைத்து அழுத்தினால், தோல் கையில் தங்கிப் பருப்பு மட்டும் தெறித்து விழும். பிதுக்குப் பருப்புக் குழம்பும் கேழ்வரகுக் களியும் இங்குள்ளோருக்குப் பனிக்காலத்தின் உரிமைகள். அவற்றை உண்ணாமல் ஒரு மார்கழி கழிந்தால் அந்த ஆண்டே குறைபட்டதாக எண்ணுவர்.

1990களின் நடுவில் அப்படியொரு மார்கழியை என் தாயார் மருத்துவமனையின் காசநோய் வார்டில் கழித்தார்கள். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. துணைக்கு இருந்தவர் என் தந்தையார். அடுக்களைப் பக்கம் எட்டியும் பார்த்திராத அவர், ஒருநாள் சந்தைக்குப் போய் மொச்சை வாங்கி வந்தார். மறுநாள் தாழ்வாரத்தில் வெயில் விழும் இடமாகப் பார்த்து அமர்ந்து, ஊறிய பயற்றைப் பிதுக்கத் தொடங்கினார். பாதிப் பருப்பு நசுங்கிற்று. அடுத்த படுக்கைகளுக்குத் துணையிருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு அவர்களும் வந்து சுற்றி அமர்ந்தார்கள்.

எனக்கோ அன்று அது வெட்கமாக இருந்தது. தாயார் இந்நிலையில் கிடக்கையில் இவருக்கு மொச்சை கேட்கிறதே என்று உள்ளூரச் சினந்தேன். காசநோயின் வரலாற்றைப் பின்னாளில் படிக்க நேர்ந்தபோதுதான், அவர் அன்று பெற்றிருந்த அந்தச் சிறு மகிழ்ச்சி அவருக்கு முந்திய தலைமுறையினர் பலருக்கு மறுக்கப்பட்ட ஒன்று என்பது விளங்கிற்று.

மறுக்கப்பட்ட கதை எங்கள் குடும்பத்திலேயே உண்டு. என் தந்தையாரின் அத்தை ஒருவர் 1940களில் இதே நோய்க்காகத் தொலைவிலுள்ள ஒரு சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டார். இரண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாள்கள் அங்கே கழிந்தன. வீட்டிலிருந்து எவரும் போய்ப் பார்க்கவில்லை. போவதற்குப் பணமும் இல்லை, துணிவும் இல்லை. மூன்றாம் திருநாளுக்கு முன்பே அவர் இறந்துபோனார்.

1882இல் ராபர்ட் கோஃக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்துவிட்டார். ஆனால் அதனைக் கொல்லும் மருந்து 1940கள் வரை கிட்டவில்லை. அதுவரை மருத்துவம் என்பது தூய காற்று, முழு ஓய்வு, நல்ல ஊட்டம் ஆகிய மூன்றுதான். இவற்றைத் தருவதற்காக ஊருக்குப் புறம்பே, பெரும்பாலும் மலைச்சாரல்களில், சானடோரியங்கள் எழுந்தன. தென்னாட்டில் பல மறைப்பணிச் சங்கங்கள் ஒன்றுகூடி மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் 1915இல் திறந்த சானடோரியம் புகழ்பெற்றது. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஃபிரிமோட் மோலர் அதனை வளர்த்தெடுத்தார். அங்கே பிழைத்தோர் பலர். எனினும் பிழைத்தவர்களும் இறந்தவர்களும் ஒரே விலையைக் கொடுத்தார்கள்: மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், வீட்டைப் பிரிந்திருத்தல்.

அந்தப் பிரிவின் குளிரைச் சீனிவாச இராமானுசனின் வரலாற்றைவிடத் தெளிவாகக் காட்டுவது பிறிதில்லை. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்து 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1917இல் நோயுற்றார். காசநோய் என்று கருதிய மருத்துவர்கள் அவரைச் சானடோரியங்களுக்கு அனுப்பினார்கள். முதலில் மெண்டிப் மலையில் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் சவுரிமுத்து நடத்திவந்த சானடோரியம்; பின்னர் டெர்பிஷயரில் மேட்லாக். திறந்த காற்றே மருந்து என்பது அந்நாளைய கொள்கையாதலின், அறையில் கணப்பு மூட்டுவதற்குக்கூட இசைவு கிடைப்பது அரிது. சாளரங்கள் திறந்தே கிடக்கும். காவிரிக்கரையில் வளர்ந்த உடல் அந்தக் குளிரில் நடுங்கிற்று. கிடைத்த உணவும் அவருக்கு ஒவ்வவில்லை. அங்கிருந்து பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதமொன்றில், குளியலறைகள் இதமான வெப்பத்தோடு இருப்பதால் நாள்தோறும் தாளும் பேனாவுமாக அங்கே போய் ஒரு மணி நேரம் இருந்து வரப்போவதாகத் தெரிவிக்கிறார். உலகம் போற்றிய கணித மேதைக்கு அந்தப் பனிக்காலத்தில் கிட்டிய இன்பம், ஒரு குளியலறையின் வெதுவெதுப்பு! இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

(அவருக்கு வந்தது காசநோய்தானா என்பதே பிற்காலத்தில் ஐயத்துக்குள்ளாயிற்று. ஈரலில் அமீபாத் தொற்றாக இருக்கலாம் என்று 1994இல் டி. ஏ. பி. யங் என்ற மருத்துவர் வாதிட்டார்.)

1919 மார்ச்சு இறுதியில் இராமானுசன் தாயகம் திரும்பினார். கோடையில் கொடுமுடி, பின்னர் கும்பகோணம், இறுதியாகச் சென்னைச் சேத்துப்பட்டு என்று இடம் மாறி மாறி மருத்துவம் நடந்தது. உடல் தேறவில்லை. ஆயினும் 1920 சனவரி 12ஆம் நாள், மார்கழியின் கடைசியில், ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ‘மாக் தீட்டா’ சார்புகள் என்னும் புதிய கண்டுபிடிப்பை அறிவித்தார். கணித அறிஞர்கள் அந்தக் கடிதத்தை இன்றும் ஆராய்கிறார்கள். நான் நினைப்பதோ அந்நாள்களில் அவரருகே இருந்த அவருடைய மனைவி சானகி அம்மாளைப் பற்றி. அப்போது அவருக்கு இருபது வயதுதான். வேளை தவறாமல் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்ததையும், காலும் மார்பும் வலிக்கிறது என்று கணவர் சொல்லும்போது வெந்நீர் ஒற்றடம் இட்டதையும், தமக்குக் கிடைத்த பேறாகவே அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஒற்றடத்துக்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களையும் நெடுங்காலம் காப்பாற்றி வைத்திருந்தார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் இராமானுசன் மறைந்தார். சானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார். கணவர் தாயகம் திரும்பிய பின் சேர்ந்து வாழக் கிடைத்த காலம் ஓராண்டுக்குச் சற்று மிகுதி, அதுவும் நோய்க்காலம். இந்தப் பாத்திரங்களைப் பற்றிப் படித்தபோது, மேட்லாக்கில் அவருக்கு இல்லாதுபோனது எது என்று தனியே எவரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மருத்துவர் சவுரிமுத்து தாயகம் வந்து 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். பின்னர் அரசு அதனை ஏற்று நடத்தியது. ஆனால் நாட்டிலிருந்த காசநோயாளிகள் பல இலட்சம். சானடோரியப் படுக்கைகளோ சில ஆயிரங்கள். 1952இல் ஐசோனியசிட் என்னும் மலிவான மருந்து வந்தபோது ஒரு கேள்வி எழுந்தது: நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன?

இதற்கு விடை காண 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு ஆகியவை அதில் கைகோத்தன. அமைந்த இடம் சேத்துப்பட்டு. இராமானுசன் கண் மூடிய அதே சேத்துப்பட்டு! மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்திய அவ்வாய்வில், சென்னையின் நெரிசல் மிகுந்த ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றவர் தம் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை உட்கொண்டனர். முடிவு 1959இல் வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. வீட்டிலிருந்தோர் உண்டது எளிய உணவு, ஓய்வும் குறைவு. இருந்தும் வேறுபாடு இவ்வளவே. வீட்டாருக்கு நோய் பரவுமே என்ற அச்சமும் மெய்ப்படவில்லை. தொடர்ந்து கண்காணித்ததில், வீட்டில் மருத்துவம் பெற்றோரின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை என்று தெரிந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு வழிகோலிய சான்றுகளுள் இது தலையாயது.

வழக்கமாக இந்த ஆய்வைப் புகழ்வோர் மிச்சமான பணத்தையும் படுக்கைகளையும் கணக்கிடுவர். எளிய மக்களுக்கு அது திருப்பிக் கொடுத்தது பருவங்களை என்பேன். பொங்கலன்று பானை பொங்குவதை நோயாளி திண்ணையிலிருந்து பார்க்கலாம். திருநாளுக்குப் பிள்ளைகள் குடில் கட்டும்போது வைக்கோல் கூடிப்போயிற்று என்று குறை சொல்லலாம். ஆனால் ஒன்றை மறைப்பதற்கில்லை. வீடு திரும்பியது நோயாளி மட்டுமன்று, பணிவிடைச் சுமையும்கூட. அதனைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய உழைப்பை எந்த அறிக்கை அளந்து சொல்லும்?

நம் மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையிலுள்ள சிட்டிலிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கியதையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்கிறேன். அரூருக்கும் சேலத்துக்கும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்த மலைமக்களுக்கு, மருத்துவமனை தம் கொல்லைக் காட்டுக்கு அருகிலேயே வந்துவிட்டது.

என் தாயாரையும் சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகவும், எஞ்சிய மாதங்களுக்கு மாத்திரைகளை வீட்டிலேயே உட்கொள்ளலாம் என்றும் மருத்துவர் சொன்னார். என் தந்தையார் அதை இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அத்தையின் நினைவு அவருக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு மறுநாள்தான் சந்தைக்குப் போனார்.

பிதுக்கிய பருப்பை, துணையிருந்த பெண்களுள் ஒருவர் மருத்துவமனைக்குப் பின்புறம் மூன்று கல் கூட்டிய அடுப்பில் குழம்பாக்கிக் கொடுத்தார். மருந்தின் வேகத்தால் என் தாயாருக்குப் பல நாளாக எதன்மீதும் நாட்டமில்லை. கொடுத்ததை வாய் பேசாமல் விழுங்குவார். அல்லது தட்டை விலக்கிவிடுவார். அன்று களியில் குழம்பைத் தோய்த்து ஒரு வாய் உண்டார். மெதுவாக மென்றார். பிறகு என் தந்தையாரை நிமிர்ந்து பார்த்து, “உப்புப் பத்தலை” என்றார்.

என் தந்தையார் உப்புக் கேட்டு வார்டு முழுவதும் ஓடினார்.