மூன்று சக்கரமும் குட்டி யானையும்

போன வாரம் எங்கள் சந்துக்குள் ஒரு குட்டி யானை மாட்டிக்கொண்டது. சத்தி காட்டிலிருந்து இறங்கி வந்ததோ என்று பயப்பட வேண்டாம். டாடா ஏஸ் வண்டியைத்தான் சொல்கிறேன். இறக்க வேண்டியது இரண்டே அரிசிச் சிப்பம். அதற்குக் கால் மணி நேரம் வழி அடைபட்டுக் கிடந்தது. அப்போதுதான் அந்த வண்டிக்காரர் ஞாபகம் வந்தது.

நம் கோபிக்கு ரயில் கிடையாது. ஈரோட்டில் இறங்கும் சரக்கும் சாலை வழியாகத்தான் வந்தாக வேண்டும். லாரி ஆபீஸில் இறங்கிய மூட்டைகளைக் கடைக்கும் வீட்டுக்கும் சேர்த்தவை இரண்டு: மாட்டு வண்டியும், மூன்று சக்கர சைக்கிள் வண்டியும். 1980 வாக்கில் நான் மாற்றலாகி இங்கு வந்தபோது இரண்டுமே கடைவீதியில் வரிசையாக நிற்கும்.

நான் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்தது புதுச்சேரியில். அந்த சைக்கிள் வண்டிக்குப் பிரெஞ்சில் ‘ட்ரிபோர்த்தர்’ என்று பெயர். ‘ட்ரி’ என்றால் மூன்று, ‘போர்த்தர்’ என்றால் சுமப்பவர். பாரீஸ் கடைப் பையன்கள் அதில்தான் சாமான்களை வீடு வீடாகக் கொடுத்தார்கள். 1957-இல் அந்தப் பெயரிலேயே ஒரு சினிமா வந்தது. சிரிப்புப் படம். இங்கே அதை மிதித்தவர்கள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் அலுவலகத்துக்குக் காகிதக் கட்டுகளை ஏற்றி வருபவர் ஒருவர் இருந்தார். ஏற்றம் வந்தால் மிதிக்க முடியாது. இறங்கி, ஒரு கையால் ஹேண்டில் பாரையும் மறு கையால் சீட்டையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவார். ஒரு சித்திரை மாதம், “மேடுங்க சார், ரெண்டு ரூபா சேத்திப் போட்டுக் குடுங்க” என்றார். அனுமதித்த கூலி இவ்வளவுதான், மேட்டுக்கென்று தனியாக வவுச்சர் போட முடியாது என்று விளக்கம் சொன்னேன். சட்டப்படி சரி. “பெட்ரோல் செலவில்லாத வண்டிதானே” என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “பெட்ரோலு இல்லீங்க சார், சோறு ஊத்தோணுமில்லீங்களா” என்றார். அந்தப் பதில் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

கை ரிக்‌ஷாவைத் தமிழக அரசு 1973-இல் ஒழித்தது. மனிதரை மனிதர் இழுப்பது இழிவு என்று அன்று ஒப்புக்கொண்டோம். மூட்டை இழுத்தவர் அந்தக் கணக்கில் வரவில்லை.

2005-இல் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், முக்கால் டன் சுமை. பெரிய லாரி நுழையாத வீதிக்குள் நுழைந்தது. நம் வண்டிக்காரரின் மகனும் கடன் போட்டு ஒன்று வாங்கினார். தகப்பனார் தம் சைக்கிள் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார். “நல்லதுங்க சார், எம் பையனுக்கு இந்த முட்டிவலி வராது” என்றார்.

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. பாரீஸிலும் லண்டனிலும் சரக்கு சைக்கிள்கள் மறுபடி ஓடுகின்றன. லண்டன் நகர நடுவில் அவை வேன்களைவிடச் சுமார் 60 சதவீதம் வேகமாகச் சரக்கைச் சேர்க்கின்றன என்று 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. நெரிசலில் நிற்பதில்லை, நிறுத்த இடம் தேட வேண்டியதில்லை. எங்கள் சந்தில் நின்ற யானையைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகமில்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இங்கே அந்த வண்டி தோற்றது வேகத்தில் மட்டும் அல்ல, மிதித்தவரின் முழங்காலில். வெளிநாட்டில் இன்று ஓடுபவற்றில் பல பேட்டரி வைத்தவை. மேட்டில் மோட்டார் கைகொடுக்கிறது. இரண்டு சிப்பத்துக்கு முக்கால் டன் வண்டி வேண்டாம்தான். மூன்று சக்கரம் திரும்பி வரட்டும். வரும்போது பேட்டரியோடு வரட்டும், மேட்டுக்கான கூலியோடும் வரட்டும்.

அந்த இரண்டு ரூபாயை என் சட்டைப் பையிலிருந்தாவது கொடுத்திருக்கலாம். அன்று அது எனக்குத் தோன்றவில்லை.