காலமுறை எல்லையில் பெரிய பொருட்கள்

காலமுறை எல்லை நிலைமை என்பது, துகள்களின் இயக்கத்தைக் கணினியில் உருவகப்படுத்தும்போது, ஒரு சிறு பெட்டியை எல்லாத் திசைகளிலும் முடிவின்றி அடுக்கியதாகக் கொள்ளும் கணக்கீட்டு முறை ஆகும். வலப்பக்கம் வெளியேறும் துகள் இடப்பக்கம் உள்ளே வரும். இதனால் சில நூறு துகள்களைக் கொண்டே, சுவர்களின் பாதிப்பின்றி, ஒரு நீர்மத்தின் பண்புகளைக் கணிக்க முடிகிறது. பெட்டியோடு ஒப்பிடத்தக்க அளவுடைய பொருள் இடம்பெறும்போது இம்முறையைத் தனிக் கவனத்துடன் கையாள வேண்டும்.

வரலாறு

ஐதராபாத்தில் பிறந்த இயற்பியலாளர் அனீசுர் ரகுமான் (1927–1987), அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் பணியாற்றியபோது, 864 ஆர்கான் அணுக்களைக் கொண்டு நீர்ம ஆர்கானை உருவகப்படுத்தி, முடிவுகளை 1964-இல் வெளியிட்டார். அவரது பெட்டியின் பக்கம் ஏறத்தாழ 34.8 ஆங்சுட்ராம். அணுக்களிடையேயான விசை ஏறத்தாழ 7.7 ஆங்சுட்ராமுக்கு அப்பால் புறக்கணிக்கப்பட்டது.

அண்மைப் படிம விதி

ஒவ்வொரு துகளுக்கும் அண்டைப் பெட்டிகளில் படிமங்கள் உண்டு. அவற்றுள் மிக அருகிலுள்ளதை மட்டும் கணக்கில் கொள்வது அண்மைப் படிம விதி எனப்படும். இடைவினைத் தொலைவு பெட்டிப் பக்கத்தின் பாதிக்கு மிகாதவரை இவ்விதி சரியாக அமையும். ரகுமானின் கணக்கில் இது எளிதாக நிறைவேறியது.

சிக்கல்

பெட்டியின் பக்கம் 10 அலகு, இரு கோளங்களின் ஆரம் தலா 3 அலகு எனக் கொள்க. மையங்களுக்கு இடையிலான தொலைவு 6-ஐ எட்டினால் கோளங்கள் தொடும். அதற்கும் குறைந்தால் ஒன்றோடொன்று மேற்படியும். முதல் கோளத்தின் வலப்புறம் 4.5 அலகில் இரண்டாவது கோளம் இருந்தால், அதன் படிமம் இடப்புறம் 5.5 அலகில் இருக்கும். இரண்டும் 6-க்குள் அடங்கியும், விதி முதலாவதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நிரல் பிழைச்செய்தி எதுவுமின்றி ஓடி முடியும். விசையும் அழுத்தமும் தவறாகக் கிடைக்கும்.

கோளத்தின் விட்டம் 10 அலகை எட்டினால் அது தன் படிமத்தையே தொடும். எதிரெதிர்ப் படிமங்களின் விசைகள் ஒன்றையொன்று நீக்கிவிடும். ஆயினும் ஆற்றலிலும் அழுத்தத்திலும் அவற்றின் பங்கு எஞ்சும்.

கையாளும் முறைகள்

1. பெட்டியைப் பெரிதாக்கல்: பக்கம் இருமடங்கானால், அதே அடர்த்தியில் துகள்களின் எண்ணிக்கை எட்டு மடங்காகும்.

2. எல்லாப் படிமங்களையும் தேடல்: இடைவினைத் தொலைவுக்குள் வரும் ஒவ்வொரு படிமத்தின் விசையும் தனித்தனியே கூட்டப்படும்.

3. பகுத்தல்: பெரிய பொருள், சிறு கோளங்களாலான திண்மத் தொகுதியாக அமைக்கப்படும். சிறு கோளங்களின் இடைவினைத் தொலைவு குறைவாதலால் அண்மைப் படிம விதி மீண்டும் பொருந்தும். அவற்றின் நிலைகளைப் பொருளின் மையத்தைச் சார்ந்தே சேமிக்க வேண்டும். இல்லையேல் எல்லையைக் கடக்கும் பொருள் இரண்டாகப் பிளந்ததாகக் கணக்கிடப்படும்.

மிக்கேல் பாரினெல்லோவும் ரகுமானும் 1980-இல் வெளியிட்ட முறையில் பெட்டியின் அளவும் வடிவமும் கணக்கீட்டின்போதே மாறும். தொடக்கத்தில் அடங்கிய பொருள், பெட்டி சுருங்கியபின் அடங்காமல் போகலாம். எனவே அத்தகைய கணக்கீடுகளில் மேற்கண்ட நிபந்தனையை இடையிடையே சரிபார்ப்பது தேவையாகும்.