புழக்கடை யாருக்கு இருந்தது?



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாகக் கூடியிருக்கும் இந்த அவையில் சாப்பாட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், மாட்டுக்கறியைப் பற்றித்தான் என்று தோழர்கள் பலர் நினைத்துக்கொண்டார்கள். அதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இன்னும் பேச வேண்டியும் இருக்கிறது. ஆனால் இன்றைய பேச்சு கீரையையும் காயையும் பற்றியது. கீரை தின்பதால் தீட்டு என்று யாரும் சொன்னதில்லை. அதனாலேயே அந்தக் கீரை எந்த மண்ணில் முளைத்தது, அந்த மண் யாருடையது என்ற கேள்வி கேட்கப்படாமல் போய்விட்டது.

கோடம்பாக்கத்தில் எங்கள் வீடுகளின் அடுப்பு, மாதத்தைத் தெரிந்துவைத்திருந்தது. ஆடியில் கேழ்வரகும் நொய்யும் சேர்த்துக் காய்ச்சிய கூழ். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கத்திரிக்காயும் மொச்சையும் போட்ட கருவாட்டுக் குழம்பு. ஐப்பசி மழை விழுந்த பத்தாம் நாள், மண் வெளியே தெரிகிற இடத்திலெல்லாம் குப்பைக்கீரையும் பருப்புக்கீரையும் தலைகாட்டிவிடும். மார்கழிப் பனிக்குக் கூரைமேல் ஏறிய அவரை பூத்துக் காய்க்கும். தையில் பூசணி, பச்சை மொச்சை, சர்க்கரைவள்ளி. கோடையில் எதுவும் இல்லாதபோது, முன்பே உலர்த்தி வைத்த மணத்தக்காளி வற்றல்.

சுரைக்காயில் சென்னாக்கூனி போட்டுச் சமைப்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்காகச் சொல்கிறோம். கூனியை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, கையால் கசக்கி, முறத்தில் புடைத்துத் தூசு போக்க வேண்டும். இளம் சுரைக்காயை நறுக்கி, வெங்காயமும் மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்து மூடினால், அது விடும் தண்ணீரிலேயே வேகும். பாதி வெந்ததும் கூனியைப் போட்டு இறக்கிவிடலாம். எண்ணெய் பேருக்குத்தான். கலவைக்கீரைக்கு அதுவும் தேவையில்லை. கிடைத்த கீரை எல்லாம், நாலு பல் பூண்டு, கிள்ளிப் போட்ட மிளகாய், கொஞ்சம் புளி. மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடைந்தால் முடிந்தது. சோறு குறைவாக இருந்த நாளில் இந்தக் கீரைதான் சோற்றை நிறைவாக்கியது. இல்லாமையால் மட்டும் நாங்கள் இதைத் தின்னவில்லை. ருசிக்காகவும் தின்றோம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இந்தச் சாப்பாட்டை ஒரு காலத்தில் ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கினார்கள். இப்போது இயற்கை அங்காடிகள் அதையே பாரம்பரிய உணவு என்று வாழையிலையில் சுருட்டி விற்கின்றன. முடக்கத்தானுக்கும் பிரண்டைக்கும் விலைச்சீட்டு தொங்குகிறது. "நம் முன்னோர்கள் வீட்டுத் தோட்டத்தில் பறித்துச் சமைத்தார்கள்" என்று அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். யாருடைய முன்னோர்கள்? யாருடைய வீட்டுத் தோட்டம்?

இங்கேதான் வரலாறு தேவைப்படுகிறது. கோடம்பாக்கம் என்ற பெயரே ஆற்காட்டு நவாபின் குதிரைத் தோட்டத்திலிருந்து, 'கோடா பாக்' என்பதிலிருந்து வந்ததாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ போகட்டும். குதிரைக்கும் ஒரு தோட்டம் இருந்ததாக நம்புகிற ஊரில் மனிதர்களுக்கு எவ்வளவு இருந்தது என்று பார்ப்போம்.

இங்கிருந்து ரயிலில் இரண்டாவது நிலையம் சைதாப்பேட்டை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் தலைமையிடம் அது. அந்த ஜில்லாவின் ஆட்சியர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் 1891-இல் எழுதிய குறிப்பை நாம் பஞ்சமி நிலத்துக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-இல் வந்த அரசாணை எண் 1010 இங்கிருக்கும் பலருக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் குறிப்பில் விளைநிலத்தின் அளவுக்கே முக்கியமாக இன்னொன்றும் பேசப்பட்டது: வீட்டுமனை. மிராசி கிராமங்களில் சேரி இருந்த மண்ணையும் மிராசுதாரர்கள் தங்களுடையது என்றார்கள். வேலைக்கு வர மறுத்தால், கூலி போதாது என்று சொன்னால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். வயலில் மட்டுமல்ல, படுத்துறங்கும் இடத்திலும் ஆள் அடிமையாக இருந்தான். ரூபா விஸ்வநாத் 2014-இல் வெளியிட்ட ஆய்வுநூல், அரசு இந்த வீட்டுமனைச் சிக்கலை எப்படி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டது என்பதை ஆவணங்களோடு காட்டுகிறது. மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

அந்தக் குறிப்பைச் சமையலறையிலிருந்து படித்துப் பார்த்தோம். கீரை விதைத்தால் இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். ஆடியில் ஊன்றிய அவரைக்கு நாலைந்து மாதம் பொறுக்க வேண்டும். முருங்கைக் கிளையை நட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். மாவும் பலாவும் தென்னையும் பலன் தரப் பல வருடங்கள் ஆகும். நாளைக்கு வெளியே போ என்று சொல்லக்கூடிய மண்ணில் ஒருவர் எதை நடுவார்? நம் ஆயாக்கள் கீரையில் கெட்டிக்காரர்களாக இருந்ததற்கும், நம் நினைவுகளில் மாமரம் ஏறிய கதைகள் குறைவாக இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம். ஒரு வீட்டுக்குப் பின்னால் நிற்கும் செடியின் வயதைப் பார்த்தாலே, அந்த வீட்டார் அங்கே எவ்வளவு உறுதியாகக் கால் ஊன்றியிருந்தார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

சொந்த மண்ணில் நட முடியாதவர்கள் பொது மண்ணில் பறித்தார்கள். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், புறம்போக்கு, அறுவடை முடிந்த தரை. நடவு முடிந்து களையெடுக்கப் போன பெண்கள் மடியில் ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் கொண்டுவந்தார்கள். நிலக்காரருக்குக் களை, நமக்குக் குழம்பு. இன்றைக்குக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். வேலையும் போயிற்று, கீரையும் போயிற்று. சேற்று நண்டு, நத்தை, ஏரி மீன் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அவற்றுக்குத் தனிப் பொழிவே வேண்டும்.

இப்போது தாத்தாவுக்கு வருவோம். செங்கல்பட்டு ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்தவர். 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையிலும் கிணற்றிலும் குளத்திலும் ஒடுக்கப்பட்டவரைத் தடுக்கக் கூடாது என்றது. அதை நாம் நடக்கும் உரிமையாகவும் தண்ணீர் உரிமையாகவும் கொண்டாடுகிறோம். கரைக்குப் போக முடிந்தால் கீரைக்கும் மீனுக்கும் போக முடியும். அப்படிப் பார்த்தால் அது உணவுரிமைத் தீர்மானமும்கூட.

அதே 1920-களில் நம் ஊருக்குப் பக்கத்தில் என்ன நடந்தது? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரி, மாம்பலம் பக்கத்தில் வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் ஆனது. பனகல் பூங்காவும், நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர் தாங்கிய தெருக்களும், தோட்டத்தோடு கூடிய வீட்டு மனைகளும் வந்தன. நுங்கம்பாக்கம் பக்கத்து ஏரியும் பிறகு மனைகளாயிற்று. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது அந்த ஏரி இருந்த இடத்தில்தான். மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை என்ற பெயர் மட்டும் இருக்கிறது. குளத்துக்குப் போகும் உரிமை காகிதத்தில் வந்த அந்தப் பத்தாண்டிலேயே இங்கே ஏரி காணாமற்போகத் தொடங்கிவிட்டது. நகரம் வளரத்தானே வேண்டும் என்பார்கள். வளரட்டும். ஏரியில் பறித்துத் தின்றவர்களுக்கு அந்த மனைகளில் எத்தனை கொடுத்தார்கள் என்பதே நம் கேள்வி.

அடுத்து சினிமா வந்தது. ஏ.வி.எம். 1948-இல் காரைக்குடியிலிருந்து இங்கே வந்தது. வாகினி போன்ற பெரிய படப்பிடிப்புத் தளங்களும் இந்த வட்டாரத்தில் எழுந்தன. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விளக்குத் தூக்கியவர்களும் தச்சர்களும் கூட்டிப் பெருக்கியவர்களும் எங்கே குடியிருந்தார்கள், என்ன சமைத்தார்கள் என்று எழுதத்தான் ஆளில்லை.

1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. அடுக்குமாடியை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். தீப்பிடிக்காத கூரை என்றால் என்ன என்பது ஓலைக்குடிசை எரிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் மாடி வீட்டுக்குப் புழக்கடை கிடையாது. அதே நேரத்தில், கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட 1968 டிசம்பருக்குப் பின்வந்த ஆண்டுகளில், கிராமத்து விவசாயத் தொழிலாளருக்குக் குடியிருக்கும் மனையைச் சொந்தமாக்க 1971-இல் சட்டம் வந்தது. கிராமத்தில் மனை உரிமை என்று பேசிய அரசு, நகரத்தில் சதுர அடி என்று பேசியது. நம் பெண்கள் விடவில்லை. பெயின்ட் டப்பாவிலும் உடைந்த குடத்திலும் கீரை விதைத்தார்கள். படிக்கட்டு ஓரத்தில் முருங்கை நட்டார்கள். தோட்டக்கலைத் துறை இன்று மாடித்தோட்டத் தளைகளை மானியத்தில் தருகிறது. நல்லது. ஆனால் ஒரே மொட்டைமாடியைப் பல குடும்பங்கள் பங்குபோடும் குடியிருப்பில், துணி காயப்போடவே இடம் பத்தாது.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் கண்ணெதிரே நடந்தது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கோடம்பாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எட்டு மாடி. வீட்டு வேலைக்காக விடியற்காலையில் பஸ் பிடித்து நகரத்துக்குள் வரும் பெண், இரவு திரும்பும்போது எந்தக் கீரையை ஆய்வாள்? ஒரு கட்டுக் கீரை ஆய்ந்து அலசிக் கடைய ஒரு மணி நேரம் வேண்டும். பாக்கெட் நூடுல்ஸ் தின்கிறார்கள், ஊட்டச்சத்து தெரியவில்லை என்று அந்தப் பெண்ணுக்கே வகுப்பெடுக்கிறார்கள். தெரியாமலா இருக்கிறது? கீரையின் பெயர் இருபது சொல்லுவாள். மண்ணும் நேரமும்தான் அவளிடம் இல்லை.

பழையது எல்லாம் நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. 1927-இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியை விட்டுவிடுங்கள், பிச்சைச் சோற்றை விட்டுவிடுங்கள் என்றார். நம் சாப்பாட்டில் எதைக் காப்பது, எதை விடுவது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது. மராட்டியத்தில் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். சர்மிளா ரேகே தன் மாணவர்களோடு 2009-இல் தலித் உணவு நினைவுகளைத் தொகுத்தார். ஷாஹு பாட்டோலே மராத்வாடாவின் மகார், மாங்கு வீட்டுச் சமையலை 2015-இல் புத்தகமாக்கினார். அது ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. அதில் சமையல் குறிப்புகளுக்கு இடையே சாதியின் வரலாறு ஓடுகிறது. நாம் செய்யும்போது இன்னொரு பத்தியையும் சேர்க்கலாம்: நிலம். 1994 அக்டோபர் 10-இல் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம். நம்முடைய சமையல் குறிப்பில் சர்வே எண்ணும் இருப்பதுதான் பொருத்தம்.

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த கூட்டத்துக்கு வருமுன் உங்கள் வீட்டு ஆயாவிடமோ அத்தையிடமோ உட்கார்ந்து கேளுங்கள். என்ன கீரை, எந்த மாதம், எப்படிச் சமைத்தார்கள். எங்கே பறித்தார்கள், அந்த இடத்தில் இன்றைக்கு என்ன நிற்கிறது. பறிக்கும்போது யாராவது விரட்டினார்களா. குடியிருந்த மனைக்குப் பட்டா இருந்ததா, யார் பெயரில். வீட்டுப் பக்கத்தில் முருங்கை நட்டிருந்தால், எந்த வருடம் நட்டது, யார் வெட்டியது என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.