கறுத்ததும் வெளுத்ததும்: மிளகுப்புள்ளி அந்துப்பூச்சியும் இயற்கைத் தேர்வின் சான்று வரலாறும்

முன்னுரை

சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல் வெளிவந்தபோது இயற்கைத் தேர்வு ஒரு வாதமாகவே இருந்தது. புறா வளர்ப்பு, புதைபடிவங்கள், தீவுகளில் உயிரினங்கள் பரவியுள்ள விதம் எனப் பல துறைச் சான்றுகளை அடுக்கி, இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று டார்வின் நிறுவினார். காட்டில் வாழும் ஓர் இனம் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவருவதை அவர் அளந்து காட்டவில்லை. அம்மாற்றம் மிக மெதுவானது, நீண்ட காலம் கழிந்த பின்னரே கண்ணுக்குப் புலப்படும் என்பது அவர் எண்ணம். ஆனால் அவர் வாழ்ந்த காலத்திலேயே, அவருடைய நாட்டிலேயே, ஓர் அந்துப்பூச்சி இனம் வேகமாக நிறம் மாறிக்கொண்டிருந்தது.

பிஸ்டன் பெட்டுலேரியா என்னும் அறிவியல் பெயருடைய அந்தப் பூச்சியைப் பள்ளிப் பாடநூல்கள் இரண்டு படங்களோடு முடித்துவிடுகின்றன: வெளிர் மரத்தில் கரும்பூச்சி, கரி படிந்த மரத்தில் வெளிர்ப்பூச்சி. அந்தப் படங்களுக்குப் பின்னால் ஏறத்தாழ 150 ஆண்டுக் கால விவாதம் இருக்கிறது. வாதமாக இருந்த இயற்கைத் தேர்வு அளவீடாக மாறிய வரலாற்றை இப்பூச்சியின் வழியாகத் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம். இச்சான்றின் வலிமை புகழ்பெற்ற ஒரு சோதனையால் வந்ததன்று. ஒன்றையொன்று சாராத பல வழிகள் ஒரே முடிவில் வந்து சேர்ந்ததால் வந்தது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

பூச்சியும் புகையும்

இப்பூச்சியின் இயல்பான வடிவம் வெள்ளைச் சிறகில் மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகள் கொண்டது. இது டிப்பிகா எனப்படும். முற்றிலும் கருநிறம் கொண்ட வடிவம் கார்பொனேரியா. இரண்டும் ஒரே இனம். தம்முள் இணைசேர்ந்து முட்டையிடும். பிரிட்டனில் ஆண்டுக்கு ஒரு தலைமுறை மட்டுமே. கூட்டுப்புழு மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழிக்க, கோடையில் வெளிவரும் பூச்சி இரவில் பறந்து, பகல் முழுவதும் மரத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும். பறவையின் கண்ணில் படுவதும் படாததும் அந்தப் பகற்பொழுதில்தான் முடிவாகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர், பர்மிங்ஹாம் வட்டாரங்களில் நிலக்கரிப் புகை இரண்டு வேலைகளைச் செய்தது. புகையிலிருந்த கந்தக டைஆக்சைடு மரப்பட்டைகளை மூடியிருந்த வெளிர்நிற லைக்கன்களைக் கொன்றது. கரித்துகள் படிந்து பட்டைகள் கறுத்தன. லைக்கன் மேல் மறைந்திருந்த டிப்பிகா இப்போது பளிச்செனத் தெரிந்தது, கார்பொனேரியா மறைந்துகொண்டது. எந்தத் தனிப் பூச்சியும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை, கரி படிந்தும் அது கறுக்கவில்லை. எந்த நிறத்துப் பூச்சிகள் அதிகம் பிழைத்து முட்டையிட்டன என்பதுதான் மாறியது.

சேகரிப்பாளர்களின் காலம்

இந்த வரலாற்றின் முதல் சாட்சிகள் பல்கலைக்கழக அறிஞர்கள் அல்லர். பூச்சி சேகரிப்பைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள். மான்செஸ்டரில் 1848இல் பிடிபட்ட கரும்பூச்சியே பொதுவாக முதற்பதிவாகக் கொள்ளப்படுகிறது. ஆர். எஸ். எட்லெஸ்டன் 1864இல் எழுதிய குறிப்பில், அரிதாயிருந்த கருவடிவம் தம் வட்டாரத்தில் பெருகிவிட்டதைப் பதிவு செய்தார். 1895 வாக்கில் மான்செஸ்டர் பகுதியில் ஏறத்தாழ 98 விழுக்காடு பூச்சிகள் கருநிறத்தவை. அரிய வடிவங்களைத் தேடி அலைந்த இவர்களுடைய குறிப்பேடுகளே, ஒரு மரபணுவின் பரவலை ஆண்டு வாரியாகக் காட்டும் ஆவணங்களாகப் பின்னர் பயன்பட்டன.

இந்த நிகழ்வு டார்வினின் கதவையும் ஒருமுறை தட்டியது. ஆல்பர்ட் ஃபார்ன் என்ற சேகரிப்பாளர் 1878இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அது வேறோர் அந்துப்பூச்சி பற்றியது. சுண்ணாம்புச் சூளைப் புகையால் கறுத்திருந்த ஒரு சரிவில் வெளிர் வடிவம் அருகிக் கருவடிவம் மிகுந்திருப்பதைச் சொல்லி, தக்கது பிழைப்பதற்கு இது எடுத்துக்காட்டாகுமா என்று கேட்டிருந்தார். டார்வின் அதைத் தம் எழுத்தில் எங்கும் எடுத்தாளவில்லை. பறவைகள்தாம் காரணம் என்ற விளக்கத்தை 1896இல் ஜே. டபிள்யூ. டட் தெளிவாக முன்வைத்தார். ஆனால் மரத்தில் அமர்ந்திருக்கும் அந்துப்பூச்சியைப் பறவை கொத்துவதைத் தாம் பார்த்ததே இல்லை என்று பல பூச்சியியலாளர்கள் மறுத்ததால், அக்கருத்து அரை நூற்றாண்டு சோதிக்கப்படாமல் கிடந்தது.

ஹால்டேனின் கணக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெண்டலின் மரபியல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டபின் கேள்வி கூர்மையானது. கருநிறம் ஓங்கு பண்பு. கருநிற அல்லீல் (மரபணுவின் ஒரு வடிவம்) ஒன்று இருந்தாலே பூச்சி கறுத்துவிடும். அந்த அல்லீல் ஐம்பது ஆண்டுகளுக்குள் ஒரு வட்டாரத்தையே கைப்பற்ற எவ்வளவு அனுகூலம் தேவை? ஜே. பி. எஸ். ஹால்டேன் 1924இல் இதைக் கணக்கிட்டார். நூற்றில் ஒன்றாக இருந்த வடிவம் சுமார் 50 தலைமுறைகளில் நூற்றில் தொண்ணூற்றொன்பதாக வேண்டுமானால், வெளிர்ப்பூச்சியின் சந்ததியில் இரண்டு பிழைக்கும் இடத்தில் கரும்பூச்சியின் சந்ததியில் மூன்று பிழைத்தாக வேண்டும். தேர்வின் விசை மிக மிகச் சிறியது என்று கருதப்பட்ட காலத்தில் இந்த விடை பலரை நம்பவிடாமல் செய்தது.

மாற்று விளக்கமும் எழுந்தது. புகையிலுள்ள உலோக உப்புகள் இலை வழியாகப் புழுவின் உடலில் சேர்ந்து சடுதிமாற்றத்தை நேரடியாகத் தூண்டுகின்றன என்று 1920களில் ஹெஸ்லாப் ஹாரிசன் வாதிட்டார். அப்படியானால் தேர்வே தேவையில்லை. அவர் சோதனைகளைத் திரும்பச் செய்தவர்களுக்கு அவர் சொன்ன முடிவு கிடைக்கவில்லை. மேலும், சடுதிமாற்றத்தால் மட்டுமே அந்த வேகம் வர வேண்டுமானால் அது எந்த உயிரினத்திலும் காணாத அளவுக்கு அடிக்கடி நிகழ வேண்டியிருந்தது. கணக்கு தேர்வின் பக்கம் நின்றது, களச்சான்றுதான் மிச்சம்.

இரு காடுகள், எதிரெதிர் முடிவுகள்

அந்த வேலையை ஏற்றவர் ஆக்ஸ்போர்டின் பெர்னார்ட் கெட்டில்வெல். மருத்துவராகப் பணியாற்றிவிட்டுப் பூச்சியியலுக்கு வந்தவர். அவர் கையாண்டது குறியிட்டு மீளப் பிடிக்கும் முறை. ஆண் பூச்சிகளின் சிறகின் அடிப்புறத்தில், பறவைக்குத் தெரியாத இடத்தில், ஒரு சொட்டு வண்ணம் வைத்து மரங்களில் விடுவார். பின்வரும் இரவுகளில் பாதரச விளக்குப் பொறிகளாலும், இணைசேராத பெண்பூச்சிகளின் மணத்தாலும் ஈர்த்துப் பிடிப்பார். எந்த நிறத்தில் எத்தனை திரும்பி வந்தன என்பதே கணக்கு.

பர்மிங்ஹாமை அடுத்த ரூபரியில், கரி படிந்த காட்டில், 1953இல் விடப்பட்ட 447 கரும்பூச்சிகளில் 123 மீண்டும் பிடிபட்டன, அதாவது 27.5 விழுக்காடு. 137 வெளிர்ப்பூச்சிகளில் பிடிபட்டவை 18, 13.1 விழுக்காடு. இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கரும்பூச்சி இயல்பிலேயே வலுவானது என்றோ, விளக்கை அதிகம் நாடுவது என்றோ ஒருவர் சொல்லலாம். அதனால் கெட்டில்வெல் 1955இல் புகை படியாத டார்செட் காட்டில், லைக்கன் மண்டிய மரங்களிடையே, அதே சோதனையைச் செய்தார். முடிவு தலைகீழானது: 496 வெளிர்ப்பூச்சிகளில் 62 (12.5 விழுக்காடு), 473 கரும்பூச்சிகளில் 30 (6.3 விழுக்காடு). இரு காடுகளிலும் பூச்சி அதே இனம், பொறியும் அதே வகை. மாறியது மரத்தின் நிறம். பறவை கொத்துவதை யாரும் பார்த்ததில்லை என்ற பழைய மறுப்புக்கும் விடை கிடைத்தது. விலங்கு நடத்தையியல் அறிஞர் நிகோ டின்பெர்கன் மறைவிடத்திலிருந்து படம்பிடித்தார். டார்செட்டில் பறவைகள் உண்டதாகக் கண்ணால் கண்டு எண்ணப்பட்ட 190 பூச்சிகளில் 164 கருநிறத்தவை.

காற்று தெளிந்த பின்

ஒரு கோட்பாடு நடந்ததை விளக்கினால் மட்டும் போதாது, நடக்கப்போவதையும் சொல்ல வேண்டும். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்தின் விளைவாக 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. மறைவும் பறவையும்தாம் காரணம் என்றால், காற்று தெளியத் தெளியக் கருவடிவம் குறைய வேண்டும். லிவர்பூல் மருத்துவர் சிரில் கிளார்க் 1959 முதல் விர்ரல் தீபகற்பத்தின் கால்டி காமனில் ஆண்டுதோறும் பூச்சிகளைப் பிடித்து எண்ணிவந்தார். தொடக்கத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேலிருந்த கருவடிவம் 1989இல் சுமார் 30 விழுக்காடாகி, அதன்பின் மேலும் சரிந்தது. அமெரிக்காவின் மிச்சிகனிலும் இதே போக்கு: 1960ஐ ஒட்டி 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்த கருவடிவம் 1990களின் நடுவில் 20 விழுக்காட்டளவுக்கு இறங்கியது.

இத்தனை விரைவாகத் திரும்ப முடிந்தது எப்படி? வெளிர்நிற அல்லீல் ஒடுங்கு அல்லீல். இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். வெளிர்ப்பூச்சி நூற்றுக்கு இரண்டே என்றாலும், ஹார்டி–வெயின்பெர்க் விதிப்படி கணக்கிட்டால் அந்த அல்லீலின் பங்கு சுமார் 14 விழுக்காடு. அதாவது கரும்பூச்சிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று வெளிர் அல்லீலைச் சுமந்துகொண்டே பறந்திருக்கிறது. பறவையின் கண்ணுக்கு அது தெரியாததால் தேர்வு அதைத் துடைத்தெடுக்க முடியவில்லை. சூழல் திரும்பியதும் இனம் புதிய சடுதிமாற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை; தேவையான வேறுபாடு கைவசமே இருந்தது.

ஐயமும் மறுசோதனையும்

1998இல் மைக்கேல் மஜெரஸ் எழுதிய நூல் கெட்டில்வெல் சோதனைகளின் குறைகளைப் பட்டியலிட்டது. பூச்சிகள் பகலில் விடப்பட்டன. இயற்கையில் இல்லாத நெருக்கத்தில் விடப்பட்டன. இயல்பாக அவை தங்கும் இடங்களில் அல்லாமல் அடிமரத்தில் வைக்கப்பட்டன. பாடநூல் படங்கள் பலவும் இறந்த பூச்சிகளை மரத்தில் ஒட்டி எடுத்தவை. அந்நூலுக்கு ஜெர்ரி காய்ன் எழுதிய கடுமையான மதிப்புரை இதை உலகறியச் செய்தது. 2002இல் வெளியான ஜூடித் ஹூப்பரின் நூல் மோசடி என்னும் அளவுக்கே ஐயத்தைக் கிளப்பியது. அக்குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று ஆய்வாளர்கள் பின்னர் காட்டினர். பரிணாமத்தையே மறுப்பவர்கள் இந்தச் சலசலப்பைப் பயன்படுத்திக்கொள்ளத் தவறவில்லை.

மஜெரஸ் வாதத்தில் இறங்கவில்லை. சோதனையைத் திரும்பச் செய்தார். கேம்பிரிட்ஜில் 2001 முதல் ஆறு ஆண்டுகள் அது நடந்தது. மாலையில் கிளைகளைச் சுற்றிய வலையுறைகளுக்குள் பூச்சிகளை விடுவார். அவை இரவில் தாமே இடம் தேடி அமரும். விடியுமுன் வலையை அகற்றிவிட்டு, நான்கு மணி நேரம் கழித்து யார் மிச்சம் என்று பார்ப்பார். விட்ட பூச்சிகள் மொத்தம் 4,864. நெருக்கமும் இயற்கையை ஒட்டியதாகவே வைக்கப்பட்டது. காற்று தெளிந்த அந்தப் பகுதியில் கரும்பூச்சிகளே அதிகம் தின்னப்பட்டன. ஒன்பது வகைப் பறவைகள் தின்றதை அவர் நேரில் கண்டார். தங்குமிடக் கேள்விக்கும் விடை கிடைத்தது. மரங்களில் ஏறித் தேடிக் கண்ட 135 பூச்சிகளில் பாதிக்கு மேல் பக்கக் கிளைகளிலும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவை அடிமரத்திலும் இருந்தன. 2009இல் மஜெரஸ் மறைந்தார். அவர் திரட்டிய தரவுகளைக் குக், கிராண்ட், சக்கேரி, மாலெட் ஆகியோர் பகுத்தாய்ந்து 2012இல் வெளியிட்டனர். அப்பகுதியில் கருவடிவம் சரிந்த வேகத்தை விளக்கப் பறவைகளின் வேட்டை போதும் என்பது அவர்களின் முடிவு.

மரபணுவின் சாட்சி

2016இல் இலிக் சக்கேரியின் லிவர்பூல் குழு கருநிறத்தின் மூலத்தைக் கண்டறிந்தது. 17ஆம் குரோமோசோமில், கார்டெக்ஸ் என்னும் மரபணுவின் முதல் இன்ட்ரானுக்குள், இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டிருந்தது. அதன் நீளம் சுமார் 22,000 கார இணைகள். செருகலைச் சுற்றியுள்ள டிஎன்ஏ வரிசை, தலைமுறைதோறும் நிகழும் மறுசேர்க்கையால் எவ்வளவு கலைந்திருக்கிறது என்பதைக் கொண்டு இது நிகழ்ந்த காலத்தை மதிப்பிட்டார்கள். விடை 1819ஐ ஒட்டி வந்தது. மான்செஸ்டரின் முதற்பதிவுக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் முன்பு ஒரே ஒரு பூச்சியில் நேர்ந்த தற்செயல் அது. அரிதாகவே கிடந்த அந்தச் செருகலைப் புகை படிந்த காடுகள்தாம் பெருக்கின. டிஎன்ஏவிலிருந்து கணித்த ஆண்டும் சேகரிப்பாளர்களின் குறிப்பேடுகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

முடிவுரை

இந்த வரலாறு எதை நிறுவவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கருவடிவமும் வெளிர்வடிவமும் ஒரே இனமாகவே நீடிக்கின்றன. புதிய இனம் தோன்ற இரு கூட்டங்களுக்கிடையே இனக்கலப்பு நின்றுபோக வேண்டும். இங்கு அது நிகழவில்லை. ஆகவே, இனத் தோற்றத்தின் முழுச் சான்றாக இதைக் காட்டுவது மிகை. தகவமைவு எப்படி நடக்கிறது, எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்பதற்கே இது சான்று.

அந்த எல்லைக்குள் இச்சான்று அசையாதது. குறிப்பேடுகள் விகிதத்தைச் சொல்லின. ஹால்டேனின் கணிதம் விசையைச் சொன்னது. களச்சோதனைகள் அந்த விசை பறவையின் அலகில் இருப்பதைக் காட்டின. மரபணு ஆய்வு மாற்றத்தின் மூலத்தையும் காலத்தையும் தந்தது. கெட்டில்வெல்லின் சோதனையில் இருந்த குறை ஹால்டேனின் கணக்கைத் தொடவில்லை. அவை இரண்டையும் விலக்கிவிட்டாலும் கால்டி காமனின் 30 ஆண்டுக் கணக்கு நிற்கிறது. தக்கது எது என்பது பூச்சியிடம் மட்டும் இல்லை, மரத்தின் நிறத்திலும் பறவையின் பார்வையிலும் இருக்கிறது என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது. 1850களில் மான்செஸ்டரில் உயிர்காத்த அதே கருஞ்சிறகு, காற்று தெளிந்த பின் உயிருக்கு உலை வைத்தது. இயற்கைத் தேர்வுக்கு முன்னேற்றம் என்ற இலக்கு கிடையாது. அன்றன்றைய சூழலில் யார் அதிகச் சந்ததியை விட்டுச்செல்கிறார்கள் என்ற கணக்கு மட்டுமே உண்டு. அந்தக் கணக்கை ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் மனிதர்கள் எண்ணிச் சரிபார்த்திருப்பதே இப்பூச்சிக்குப் பரிணாம அறிவியலில் உள்ள தனியிடம்.