கழற்றும் குறிப்பை வைத்துப் பூட்டிய கார்



வாகன வரி பற்றி நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இங்கிலாந்திலும் ஒரு காலம் அப்படித்தான் இருந்தது. 1940இல் யுத்தத்தோடு வந்த கொள்வனவு வரி, யுத்தம் முடிந்தும் போகவில்லை. 1957இல் புதுக் காரின் மொத்த விற்பனை விலையில் பாதிக்கும் மேல் வரி. ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டினால் அந்த வரி இல்லை.

அந்த ஓட்டைக்குள்ளால் ஓடிய கார்தான் 1957இல் வந்த லோட்டஸ் செவன். அதைச் செய்த கொலின் சப்மன், 1948இல் பழைய ஒஸ்டின் செவன் ஒன்றை வைத்துத் தன் முதல் காரைக் கட்டியவர். பூட்டும் குறிப்பைப் பாகங்களோடு கொடுக்கக் கூடாது என்றது சட்டம். கழற்றும் குறிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனவே கழற்றும் குறிப்பைக் கொடுத்தார்களாம். வாங்கியவர் கீழிருந்து மேலாக வாசித்துப் பூட்ட வேண்டியதுதான்!

எஞ்சினும் கியர்பொக்ஸும் சாதாரணக் கார்களுடையவை. ஒரு வகைக்கு போர்ட் 1172 சிசி எஞ்சினும் மூன்று கியர் பெட்டியும். இன்னொன்றுக்கு நம் மூத்தவர்கள் ஓட்டிய மொறிஸ் மைனரின் அதே 948 சிசி எஞ்சின், நான்கு கியர்.

கஷ்டம் இவை இரண்டும் சேரும் இடத்தில்தான். கிளச் பிளேட்டை பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் வைத்து இறுக்கும்போது அது சரியாக மையத்தில் நிற்க வேண்டும். கியர்பொக்ஸின் முன் தண்டு அதன் பற்களுக்குள்ளால் போய், கிராங்கின் நுனியிலுள்ள சின்ன புஷ்ஷில் உட்காருகிறது. ஒரு நூல் விலகினாலும் பெட்டி உள்ளே போகாது. மையம் பார்க்கப் பழைய கியர்பொக்ஸ் தண்டையோ, அளவாகக் கடைந்த மரத்தடியையோ நுழைத்துப் பிடிப்பார்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பெட்டி போகவில்லையென்று அதன் போல்ட்டுகளை முறுக்கி இழுத்தால் ஏதாவது உடையும். பெட்டியின் பாரத்தை அந்தத் தண்டில் தொங்க விட்டாலோ பிளேட்டின் நடு வளைந்து, பிறகு கிளச் விடுபடாது. ஒட்டும் பக்கத்தில் எண்ணெய் விரல் படவே கூடாது.

வகுப்பில் பின்தங்கும் பிள்ளையிடம் "உனக்கு இனி கராஜ்தான்" என்று நாமும் சொல்லியிருக்கிறோம். மேலே எழுதியதை மறுபடி வாசிக்கும்போது, எந்தத் துணிவில் சொன்னோம் என்று வெட்கமாக இருக்கிறது.

1973 ஏப்ரலில் கொள்வனவு வரி போய் வற் வந்தது. ஓட்டை அடைபட்டது. அதே வருடம் லோட்டஸ், செவனைக் கேட்டர்ஹாம் என்ற கம்பனிக்குக் கொடுத்துவிட்டது. அந்த வரி லாபம் போன பிறகும் கேட்டர்ஹாம் அதைப் பாகங்களாக விற்கிறது, ஆட்களும் வாங்கிப் பூட்டுகிறார்கள்.

நம் ஊரில் மொறிஸ் மைனர் கியர்பொக்ஸ் இறக்கிய மூத்த பாஸ்மார் இருந்தால், கிளச் பிளேட்டுக்கு எதை வைத்து மையம் பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். எழுத நேரமில்லாதவர்களிடம் பிள்ளைகளாவது கேட்டு எழுதுங்கள்.