மணலில் இறங்கிய கல்

சிவில் முடித்து முதன்முதலாக சைட்டுக்குப் போன வருடம். அஸ்திவாரத்துக்குப் பத்தடி ஆழத்தில் பள்ளம் வெட்டியிருந்தோம். மேஸ்திரி கொஞ்சம் மண்ணை அள்ளி விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "சார், இது சரியும். பலகை வச்சு முட்டுக் குடுத்துரலாம்" என்றார். வரைபடத்தில் அது இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு மழை. விடிந்து பார்த்தால் பள்ளத்தின் ஒரு பக்கச் சுவர் உள்ளே கிடக்கிறது. ஏழு பேர் இறங்கி வேலை பார்க்க வேண்டிய இடம். நல்லவேளை, யாரும் இறங்கியிருக்கவில்லை.

இத்தனைக்கும் மண் இயக்கவியலில் நான் நல்ல மார்க்.

ஆர்தர் காட்டனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சம்பவம் ஞாபகத்துக்கு வரும். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் நடத்திய அடிஸ்கோம் கல்லூரியில் பயின்று, 1821-ல் சென்னைக்கு வந்தவர். சில ஆண்டுகளில் காவிரிப் பாசனம் அவர் பொறுப்பில் வந்தது. அப்போதைய பிரச்சினை கொள்ளிடம். அது காவிரியைவிடப் பள்ளம் என்பதால் தண்ணீர் அங்கே போய்விட, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டியாக வேண்டும். ஆனால் தோண்டத் தோண்ட மணல்தான் வந்தது.

அதே மணலின் மேல்தான் கல்லணை பல நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. அதன் சூட்சுமம் எளிமையானது. பெரிய கல்லை ஆற்றில் போட்டால், அடியிலுள்ள மணலை நீர் அரிக்க அரிக்க, கல் தன் எடையிலேயே கீழே இறங்கும். அதன்மேல் இன்னொரு கல், இடையில் களிமண். இறங்குவது நின்றதும் அதுவே அஸ்திவாரம்.

காட்டன் இதை அப்படியே காப்பியடிக்கவில்லை. செங்கல் கிணறுகளை மணலுக்குள் இறக்கி, அவற்றின் மேல் அணை கட்டினார். ஆனால் ஆழம் தெரியாத மணலிலும் அணை நிற்கும் என்ற தைரியம் இங்கே கிடைத்தது. 1836-ல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் வந்தன. 1852-ல் கோதாவரியில் தவளேஸ்வரம். மணலில் அஸ்திவாரம் போடுவதை இந்த நாட்டு மக்களிடமிருந்துதான் கற்றோம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

படிப்புக்கும் வேலைக்கும் இடைவெளி என்று நாம் பேசும்போது பாடத்திட்டத்தைத்தான் திட்டுகிறோம். பாடத்திட்டம் எல்லாவற்றையும் சொல்லித்தர முடியாது. அடிஸ்கோமும் கொள்ளிடத்து மணலைச் சொல்லித்தந்திருக்காது. தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்கும்போது காது கொடுக்கிறோமா, கற்றதை ஒப்புக்கொள்கிறோமா என்பதுதான் கேள்வி. காட்டன் ஒப்புக்கொண்டார். அவர் எழுத்திலும் அந்த மக்கள் பெயரில்லாமல்தான் வருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

நான் அதைக்கூடச் செய்யவில்லை. பள்ளம் சரிந்ததற்கு அன்று நான் கொடுத்த அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'எதிர்பாராத மழை' என்று எழுதினேன். மேஸ்திரி எதிர்பார்த்துத்தானே இருந்தார்.