நித்தியகல்யாணியும் கூட்டு மருந்தின் கணக்கும்

பண்ருட்டியைச் சூழ்ந்த செம்மண் பூமியில், பலாவும் முந்திரியும் அடர்ந்த தோப்புகளின் ஓரத்திலும் வீட்டு வாசல்களிலும், ஆடுமாடு வாய்வைக்காத கசப்பினாலேயே பிழைத்து ஆண்டு முழுவதும் பூக்கின்ற நித்தியகல்யாணியைப் பூஜைக்குக் கிள்ளுவோர் பலர்; அதன் இலைச் சத்தாகிய வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் பிரதானமான ஔஷதம் என்பதை அறிந்தோர் சிலரே.

அச்சிகிச்சையின் சரித்திரம் சென்னையையும் தொட்டுச் செல்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடம் உருவாக்கிய அமினோப்டெரின் என்னும் மருந்தை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அளித்துப் பார்க்க, 10 பேருக்கு நோய் தணிந்தது. 1948-இல் அச்செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டே சுப்பாராவ் காலமானார். தணிந்த நோயோ சில மாதங்களில் திரும்பியது. ஒரு மருந்துக்குத் தப்பிய புற்றணுக்கள் மீண்டும் பெருகிவிட்டன.

ஆகவே 1960-களில் அமெரிக்க மருத்துவர்களான ஃபிரையும் ஃபிரைரைக்கும், வின்கிறிஸ்டின், அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெதோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், பிரெட்னிசோன் ஆகிய நான்கையும் ஒருசேரப் பிரயோகித்தனர். துணிவான காரியந்தான், எனினும் மருந்துகள் பரஸ்பரம் உதவுகின்றனவா, விரோதிக்கின்றனவா என்பதைத் துணிவு சொல்லாது, கணக்கே சொல்லும். 1920-களில் லோவே தொடங்கிய அக்கணக்கை 1984-இல் சோவும் தலாலேயும் எளிதாக்கினர். சிறு குழிகள் நிறைந்த தட்டில் புற்றணுக்களை வளர்த்து, ஒரு மருந்தின் அளவை வரிசைதோறும், மற்றதன் அளவைப் பத்திதோறும் ஏற்றி, சில நாள் கழித்து உயிரோடிருப்பவற்றை எண்ணுகிறார்கள். பாதி அணுக்களைக் கொல்ல முதல் மருந்து தனியே 10 அலகும், இரண்டாவது தனியே 20 அலகும் தேவையாயிருக்க, சேர்ந்தபோது 3-ம் 6-ம் போதுமானால், பத்தில் மூன்றையும் இருபதில் ஆறையும் கூட்ட 0.6 வருகிறது. ஒன்றுக்குக் குறைந்தால் ஒத்துழைப்பு, ஒன்றானால் வெறுங்கூட்டல், மிஞ்சினால் விரோதம்.

வரிசை மாறினாலும் பலன் மாறும். இந்நோய்க்குத் தரும் மற்றொரு மருந்தாகிய அஸ்பாரஜினேஸை முன்னதாகக் கொடுத்தால் மெதோட்ரெக்சேட்டின் வேகம் குன்றும். மெதோட்ரெக்சேட்டுக்கு ஒரு நாள் கழித்துக் கொடுத்தால் அனுகூலமாகும். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையும், டில்லி எய்ம்ஸும் 1980-களில் எம்.சி.பி.-841 என்னும் பல மருந்து முறையைக் கைக்கொண்ட பிறகே, அங்கு சிகிச்சை பெற்ற குழந்தைகளில் முன்னைவிட மிகப் பலர் பிழைக்கலாயினர்.

அம்முறை ஆண்டுக்கணக்கில் நீளுவது. பண்ருட்டியிலிருந்து அடையாற்றுக்கோ புதுவை ஜிப்மருக்கோ குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோர், காய்ச்சல் தணிந்து முகம் தெளிந்ததைக் கண்டு, மருத்துவர் சொல்லுமுன் சிகிச்சையை நிறுத்திவிடலாகாது.